பால் கணக்கு ஆப்ல செல்ஃப் படுத்துன பாடு

மாமா 14 வீட்டுக்கு பால் ஊத்துறாரு. கணக்கு எல்லாம் டெய்லி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம்தான், மாசக் கடைசில அத்தை அதைப் பரப்பி வச்சு கூட்டுவாங்க, எப்படியும் ஒரு வீட்டுல சண்டை வந்துரும். நாமதான் பைத்தான்ல புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டு இருக்கோமே, சின்னதா ஒரு டெஸ்க்டாப் ஆப் பண்ணிக் குடுக்கலாம்னு விண்டோ, பட்டன் எல்லாம் செய்ய பைத்தானோடயே வர்ற டிகின்டர்ல ஆரம்பிச்சேன். வேரியபிள் பேரெல்லாம் தமிழ்லயே வச்சேன், பைத்தான் 3 அதை ஏத்துக்கும், வீடு, அளவு, கணக்குன்னு படிக்கவே நல்லா இருந்துச்சு.

முதல் வெர்ஷன்ல கிளாஸ் கிடையாது, ஒரு வேலைக்கு ஒரு துண்டுக் கோடுன்னு எல்லாம் தனித்தனி ஃபங்ஷன், எங்க இடிச்சாலும் எல்லா ஃபங்ஷனுக்கும் தெரியுற மாதிரி மேல ஒரு குளோபல் போட்டு ஓட்டிட்டேன். வேலையும் செஞ்சுது. மாமா பாத்துட்டு "காலைப் பாலுக்கு ஒண்ணு, சாயங்காலப் பாலுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வேணும் மாப்ள"ன்னு சொன்னாரு பாருங்க, அங்கதான் ஆரம்பிச்சுது. ஒரே விண்டோ ரெண்டு தடவை வேணும்னா கிளாஸ்தான் சரி, அது ஒரு அச்சு மாதிரி, ஒரு தடவை எழுதிட்டா எத்தனை வேணும்னாலும் வார்த்துக்கலாம்னு, இருக்கிற கோடு மொத்தத்தையும் தூக்கி ஒரு கிளாஸுக்குள்ள போட்டு, குளோபல் எல்லாம் அழிச்சுட்டு ரன் பண்ணேன். விண்டோ அழகா வந்துச்சு, பட்டனைத் தட்டுனா ஒண்ணும் நடக்கல.

ரெண்டு நாள் பட்டன்தான் வேலை செய்யலன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஃபைலை பிஒய்டபிள்யூன்னு சேவ் பண்ணி டபுள் கிளிக்ல திறந்துட்டு இருந்ததால டெர்மினல்ங்கிற கருப்பு விண்டோவே வராது, டிகின்டர்ல பட்டன் ஃபங்ஷனுக்குள்ள எர்ரர் வந்தா ஆப் விழாது, எர்ரரை டெர்மினல்ல எழுதிட்டு விண்டோ ஒண்ணுமே தெரியாத மாதிரி உக்காந்திருக்கும். டெர்மினல்லயிருந்து ரன் பண்ணப்போ பாத்தா ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நேம் எர்ரர், அளவுன்னு ஒண்ணு டிஃபைன் ஆகலையாம். மொதல்ல பண்ண வேலை, ரிப்போர்ட் கால்பேக் எக்செப்ஷன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதை மாத்தி எழுதி எந்த எர்ரர் வந்தாலும் மெசேஜ் பாக்ஸா வர்ற மாதிரி வச்சேன். இதை முதல் நாளே பண்ணியிருந்தா பாதி முடி மிஞ்சியிருக்கும்.

அளவுங்கிற என்ட்ரி பாக்ஸை, அதாவது டைப் பண்ற பெட்டியை, இனிட்ல செஞ்சிருந்தேன், கிளாஸ்லயிருந்து ஒண்ணை உருவாக்கும்போது தானா ஓடுற ஃபங்ஷன் அது, ஊத்துங்கிற ஃபங்ஷன்ல அதைப் படிச்சேன். ரெண்டும் ஒரே கிளாஸ், மேலயும் கீழயும் இருக்கு, கண்ணுக்கு தெரியுது. ஆனா இனிட் ஓடி முடிஞ்சதும் அதுக்குள்ள செஞ்ச பேரெல்லாம் போயிரும், பக்கத்து ஃபங்ஷனுக்கு அது தெரியாது, செல்ஃப்னா கிளாஸ்லயிருந்து உருவான அந்த ஆப்ஜெக்ட்தான், செல்ஃப்.அளவுன்னு அது மேல ஒட்டி வச்சாத்தான் அடுத்தவன் எடுக்க முடியும். என் மெஷின்ல பைத்தான் 3.12, இனிட்ல செல்ஃப் போட்டுட்டு கீழ மறந்தா "செல்ஃப்.அளவைச் சொல்றியா"ன்னு அதுவே கேக்குது. மாமாவோட லேப்டாப் விண்டோஸ் 7, அதுல 3.8க்கு மேல ஏறாது, அங்க இந்த உபசாரம் எல்லாம் கிடையாது.

சரின்னு எல்லா இடத்துலயும் செல்ஃப் போட்டா இப்ப வேற எர்ரர், நன்டைப்ல கெட்டுன்னு, அதாவது பெட்டில எழுதினதைப் படிக்கிறதுன்னு, எதுவும் இல்லையாம். என்ட்ரியைச் செஞ்ச அதே வரியோட வாலுல, அதை விண்டோல உக்கார வைக்கிற டாட் பேக் போட்டிருந்தேன். பேக் திருப்பித் தர்றது நன், அதாவது ஒண்ணுமில்லை, அப்ப செல்ஃப்.அளவுல உக்காந்திருக்கிறது பெட்டி இல்ல, வெறும் நன். ரெண்டு வரியாப் பிரிச்சதும் சரியாச்சு. இது பழைய வெர்ஷன்லயும் வந்திருக்கணுமேன்னு போய்ப் பாத்தேன், அங்க ஒழுங்காத்தான் எழுதியிருக்கேன், சுருக்கி எழுதுறேன்னு புத்திசாலித்தனம் பண்ணது இந்தத் தடவைதான்.

அடுத்தது இருக்கே, அதுதான் வீட்டுல பேச்சாயிருச்சு. 14 வீட்டுக்கும் 14 பட்டன், ஃபார் லூப்ல செஞ்சேன். மொதல்ல, தட்டினா எது ஓடணும்னு சொல்ற கமாண்டுக்கு செல்ஃப்.ஊத்து போட்டு அடைப்புக்குறிக்குள்ள வீடு பேரையும் குடுத்தேன், அடைப்புக்குறி போட்டா அப்பவே ஓடிரும், விண்டோ திறக்கும்போதே யாரும் தட்டாமயே 14 வீட்டுக்கும் பால் ஊத்திருச்சு. அப்புறம், தட்டும்போது மட்டும் ஓடுற லாம்டாங்கிற பேரில்லாத குட்டி ஃபங்ஷன் போட்டு மாத்தினேன், எர்ரர் இல்ல, திருப்தியா மாமாகிட்ட குடுத்துட்டு வந்தேன். மறுநாள் அத்தை ஃபோன்ல, "ஏன் கண்ணு, டீச்சரம்மா வீட்டுக்கு ஒரே காலைல 13 லிட்டர் காட்டுது, அவங்க என்ன கல்யாணமா வச்சிருக்காங்க?" டீச்சரம்மா வீடு லிஸ்ட்ல கடைசி. எந்தப் பட்டனைத் தட்டினாலும் கணக்கு அவங்க தலைல விழுந்திருக்கு. லாம்டா வீடுங்கிற பேரைத்தான் பிடிச்சு வச்சுக்கும், அந்த நேரத்துல அதுல இருந்த மதிப்பை இல்ல. தட்டும்போதுதான் போய் எட்டிப் பாக்கும், அப்ப லூப் முடிஞ்சு அந்தப் பேர்ல டீச்சரம்மாதான் இருப்பாங்க. லாம்டா வீடு=வீடுன்னு டீஃபால்ட்டா குடுத்தா செய்யும்போதே மதிப்பை எடுத்து வச்சுக்குது. பாக்க அசிங்கமா இருக்கு, ஆனா வேலை செய்யுது.

மேல மூலைல எங்க மாடு லட்சுமி ஃபோட்டோ வைக்கணும்னு அத்தை ஆசை. பழைய வெர்ஷன்ல வந்த ஃபோட்டோ கிளாஸுக்கு மாறினதும் காணோம், எர்ரரும் இல்ல, படம் அளவுக்கு எடம் மட்டும் காலியாக் கெடக்கு. ஃபைல் இருக்கிற எடத்தைத் தப்பாக் குடுத்துட்டேனோ, ஃபைலே கெட்டுப்போச்சோன்னு ஒரு சாயங்காலம் முழுக்க அதுலயே போச்சு. பாத்தா இதுவும் அதே வியாதிதான், படத்தை இனிட்ல லோக்கலா செஞ்சிருந்தேன், இனிட் முடிஞ்சதும் பைத்தான் அதைக் குப்பைல போட்டுருச்சு, லேபிள் அதைப் பிடிச்சு வச்சுக்காது. செல்ஃப்.படம்னு போட்டதும் மாடு திரும்பி வந்துருச்சு. பழசுல ஏன் வந்துச்சுன்னா அங்க அது குளோபல், ஆப் மூடுற வரைக்கும் உயிரோட இருந்துச்சு.

காலை விண்டோல போட்டது சாயங்கால விண்டோலயும் வர்றதை மாமாதான் கண்டுபிடிச்சாரு. எந்த வீட்டுக்கு எவ்வளவுன்னு குறிச்சு வைக்கிற கணக்குங்கிற டிக்ஷனரியை இனிட்ல வைக்காம கிளாஸ் பேருக்கு நேர் கீழ வச்சிருந்தேன். அங்க வச்சா அது கிளாஸோடது, ரெண்டு விண்டோவும் ஒரே நோட்டுல எழுதுது. வெறும் எண்ணா இருந்திருந்தா செல்ஃப்ல கூட்டினதுமே அந்தந்த விண்டோவுக்குத் தனியா ஒண்ணு உருவாகியிருக்கும், டிக்ஷனரிக்கு உள்ள எழுதுறதால பொதுவானதுதான் மாறுது. இனிட்ல செல்ஃப்.கணக்குன்னு புதுசா ஒண்ணு செஞ்சதும் பிரிஞ்சுது.

இவ்வளவு அடி வாங்கினதுல ஒரு பயம் வந்து கண்ணுல பட்டதுக்கெல்லாம் செல்ஃப் போட ஆரம்பிச்சேன். பில் ஃபங்ஷன்ல கூட்டுத்தொகைக்கும் செல்ஃப்.மொத்தம். இனிட்ல ஒரு தடவை பூஜ்யம் வச்சதோட சரி, பில் பட்டனை ரெண்டாவது தடவை தட்டினா போன தடவை வந்தது மேலயே கூட்டுது, 1,500 ரூபா பில் 3,000 ஆகுது. மாமா சிரிச்சுட்டே "இப்படியே குடுத்தா அடுத்த மாசம் மூணாவது மாடு வாங்கிரலாம் மாப்ள"ன்னாரு. அந்த ஒரு வேரியபிளுக்கு செல்ஃபை எடுத்துட்டு ஃபங்ஷனுக்குள்ளயே பூஜ்யத்துல ஆரம்பிச்சேன், முடிஞ்சுது. இப்ப ஒவ்வொரு பேரையும் எழுதும்போது, இந்த ஃபங்ஷன் முடிஞ்ச பிறகு இதை யாராவது கேப்பாங்களான்னு யோசிக்கிறேன், கேப்பாங்கன்னா மட்டும் செல்ஃப்.

ஒண்ணாம் தேதியிலயிருந்து ஆப்பும் காலண்டர் தாளும் சேர்ந்தே ஓடுது. நேத்து ஒத்துப் பாத்தோம், 13 வீடு சரியா இருக்கு, ஒரு வீட்டுல அரை லிட்டர் இடிக்குது. ஆப்தான் தப்புன்னு அத்தை, தாள்தான் தப்புன்னு மாமா, நான் எதுவும் பேசாம டெர்மினலைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன்.