பூம்பாவை பார்க்காமல் போன திருவிழாக்கள்

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். பூம்பாவை சந்நிதியை ஒரு கும்பிடு போட்டுக் கடந்துவிடுவதே வழக்கம். இந்த முறை கூட்டம் இல்லாத ஒரு காலை நேரம். திருமுறைப் புத்தகமும் கையில் இருந்ததால் அங்கேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

கதை தெரிந்ததுதான். சிவநேசர் என்ற வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு கடித்து இறந்துபோகிறாள். அஸ்தியைக் குடத்தில் வைத்துக் காத்திருக்கிறார் தந்தை. ஞானசம்பந்தர் வந்து 'மட்டிட்ட புன்னை' பதிகம் பாட, குடம் உடைந்து பெண் எழுந்து வருகிறாள்.

நிதானமாகப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. செத்துப்போன பெண்ணைக் கூப்பிடுகிறவர் சொர்க்கத்தைப் பற்றியோ பிறவியைப் பற்றியோ பேசவில்லை. ஊர்த் திருவிழாக்களைச் சொல்லியே ஆசை காட்டுகிறார். இதைப் பார்க்காமலா போகிறாய் பெண்ணே, அதைப் பார்க்காமலா போகிறாய் என்று பாட்டுக்குப் பாட்டு 'காணாதே போதியோ பூம்பாவாய்!'

7-ஆம் நூற்றாண்டு மயிலையின் காலண்டரே அதில் இருக்கிறது. முதலில் அடியார்களுக்கு அமுது படைக்கும் 'அட்டிட்டல்'. அடுத்தது ஐப்பசி ஓணம். ஓணம் என்றதும் இன்று நமக்குக் கேரளமும் ஆவணியும்தான் நினைவுக்கு வரும். இங்கே அது மயிலைச் சிவனுக்கு ஐப்பசியில் எடுத்த விழா! பிறகு பெண்கள் கொண்டாடும் கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம்.

தைப்பூசப் பாட்டில் கொஞ்சம் நின்றுவிட்டேன். 'நெய்ப்பூசும் ஒண்புழுக்கல் நேரிழையார் கொண்டாடும் தைப்பூசம்' என்கிறார். புழுக்கல் என்றால் சோறு. நெய் மணக்கும் சோற்றோடு பெண்கள் கொண்டாடிய சிவன் விழா. வேலும் இல்லை, காவடியும் இல்லை. 2021 முதல் தமிழ்நாட்டில் அரசு விடுமுறையாகிவிட்ட நாள் இது. இன்று தைப்பூசம் என்றால் முருகன்தான். அப்பாவின் விழா பிள்ளைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். சண்டைக்கு இடமில்லை.

'பொற்றாப்பு' என்றொரு விழா வருகிறது. பொன்னூசல், அதாவது பொன் ஊஞ்சல் என்று உரை சொல்கிறது. பெயரே நமக்கு அந்நியமாகிவிட்டது.

சம்பந்தர் பாடிய கோயிலும் இது இல்லை. அது கடலோரத்தில் இருந்தது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் அழிந்தது. இந்தக் கோயில் பிறகு உள்ளே தள்ளிக் கட்டியது. ஆனாலும் பங்குனிப் பெருவிழா விடவில்லை. எட்டாம் நாள் அறுபத்து மூவர் உற்சவத்துக்கு மாட வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. அன்று காலையில் பூம்பாவையை எழுப்பிய ஐதீகமும் நடக்கும்.

பக்கத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த பாட்டியிடம், "ஐப்பசி ஓணத்துக்கு இங்க ஏதாவது விசேஷம் உண்டா பாட்டி?" என்று கேட்டேன்.

"ஐப்பசின்னா கந்த சஷ்டிம்மா. ஓணம் மலையாளத்துக்காராளுதுன்னா?" என்றாள்.

புத்தகத்தைப் பிரித்து அந்தப் பாட்டை மட்டும் வாசித்துக் காட்டினேன். கை நாரிலேயே நின்றுவிட்டது. "இன்னொரு தரம் படி" என்றாள்.