வலி பத்துக்கு எத்தனை?

மாடிப்படியில் வழுக்கி, விழுந்த வேகத்தில் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. எக்ஸ்ரே எடுக்கும் முன்பே தெரிந்தது. கை அந்த அளவுக்குக் கோணிக்கொண்டிருந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் என்னைப் பார்த்த செவிலியர் உடனே ஊசி போடுவார் என்று நினைத்தேன். அவரோ மோதிரத்தைக் கழற்ற வேண்டும் என்றார். எரிச்சலாக வந்தது. "விரல் வீங்கிட்டா வெட்டித்தான் எடுக்கணும்மா" என்று சொல்லிக்கொண்டே ஜெல் தடவி, மெதுவாகத் திருகித் திருகி உருவி எடுத்தார். அப்புறம் கையை அசையாமல் தாங்கும் பட்டையில் (ஸ்ப்ளிண்ட்) வைத்துக் கட்டி, தலையணை மேல் உயர்த்தி வைத்தார். உடைந்த முனைகள் அசையும்போதுதான் உயிர் போகிறது. கட்டி அசைவை நிறுத்தியதுமே மூச்சு விட முடிந்தது. மருந்து இன்னும் உள்ளே போகவில்லை!

பிறகுதான் அந்தக் கேள்வி. வலியே இல்லை என்றால் பூஜ்ஜியம், இதற்கு மேல் தாங்க முடியாது என்றால் பத்து, உங்களுக்கு எத்தனை? எட்டு என்றேன். தொடர்ந்து ஒவ்வாமை, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, ஆஸ்துமா என்று வரிசையாகக் கேட்டார்கள். வலியில் துடிக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். எனக்கு ஆஸ்துமா உண்டு, ஒருமுறை வலி மாத்திரை போட்டு மூச்சு இழுத்தது என்றதும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகையையே ஒதுக்கிவிட்டார்கள்.

முதலில் 1 கிராம் பாராசிட்டமால், 15 நிமிடத்தில் இறங்கும்படி டிரிப்பாக ஏற்றினார்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடி எத்தனை என்றார் செவிலியர். ஏழு. சரி என்று வீரியமான வலி மருந்தான மார்ஃபினை ரத்தக்குழாயில் சிறிது சிறிதாக ஏற்றினார்கள். விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப். மூச்சு மந்தமாகிறதா, அளவுக்கு மீறித் தூங்குகிறேனா என்று ஒரு கண் என் மேலேயே இருந்தது. குமட்டியது, அதற்கும் மருந்து தந்தார்கள். வலி நாலுக்கு இறங்கியது.

என்னைக் கேட்டால், முதல் ஊசியைவிட, மறுபடி எத்தனை என்ற இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். கூட்டம் அதிகமான நேரத்தில் விட்டுப்போவதும் இதுதான். யாரும் வரவில்லையென்றால் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தால் நன்றாக இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பக்கத்துப் படுக்கையில் வயிற்றுவலிக்காரர். வலி மருந்து போட்டால் என்ன நோய் என்று தெரியாமல் போய்விடுமே என்று கூட வந்தவர் வாதாடினார். அந்தக் காலத்து நம்பிக்கை அது. வலியைக் குறைத்தால் நோயைக் கண்டுபிடிப்பது கெடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிப் பல வருடங்களாகின்றன. வயிற்றைத் தொடவிடாமல் சுருண்டு கிடப்பவரைவிட, கொஞ்சம் தளர்ந்து படுத்திருப்பவரைப் பரிசோதிப்பதுதானே எளிது?

எலும்பை இழுத்து நேராக்குவதற்கு முன், முறிந்த இடத்துக்குள்ளேயே மரத்துப்போகும் ஊசி. மணிக்கட்டின் பின்புறம் குத்தியதும் சிரிஞ்சுக்குள் ரத்தம் வந்தது. ஊசி முறிவுக்குள் சரியாக இறங்கியதற்கு அதுதான் அடையாளமாம். பிறகே லிடோகெய்ன் என்ற அந்த மரத்துப்போகும் மருந்து. மரத்துப்போகும் வரை காத்திருந்தார்கள். ஒருவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் விரல்களைப் பற்றி இழுத்தார். அழுத்தம் தெரிந்தது, கரகரவென்ற உணர்வும் தெரிந்தது, கத்தும்படி வலிக்கவில்லை. மாவுக்கட்டு போட்டு, மறுபடி எக்ஸ்ரே.

வீட்டுக்கு அனுப்பும்போது பாராசிட்டமாலை வலி ஏறும் வரை காத்திருக்காமல் நேரப்படி போடச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து இருக்கும், கணக்கில் சேர்க்க வேண்டும். மருந்தையும் மீறி வலி கூடினாலோ, விரல் மரத்தாலோ, நிறம் மாறினாலோ உடனே வரச் சொன்னார்கள். அன்றிரவே விரல்கள் விறுவிறுத்து, வலி ஏறிக்கொண்டே போனது. திரும்பப் போனேன். மாத்திரை எதுவும் கூட்டவில்லை. கட்டைப் பிரித்துத் தளர்த்திச் சுற்றினார்கள், வலி இறங்கிவிட்டது.