புழுவெட்டுக்கு டாக்டர் தேடுகிறவர்களுக்கு: முதலில் ரிசப்ஷனைத் தாண்டணும்

புழுவெட்டுக்கு வைத்தியம் பார்ப்பதைவிட, அதைப் பார்க்கத் தெரிந்த டாக்டரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. அந்தப் பாடு ஒருவழியாக முடிந்தது. ஊசி குத்திய இடங்கள் மண்டையில் இன்னும் விண்விண்ணென்று தெறிக்கும்போதே எழுதிவிடுகிறேன். வலி ஆறினால் கோபமும் ஆறிவிடும்.

குடும்ப டாக்டர் காதுக்கு மேலே இருந்த வட்டத்தைப் பார்த்தார். "அலோபீசியா ஏரியேட்டா மாதிரிதான் இருக்கு, தானா முளைச்சிடும்" என்றார். புழுவெட்டுக்கு மருத்துவப் பெயர் அதுதான். அவர் சொன்னதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு சின்ன வட்டங்களோடு நின்றுவிட்டால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் மருந்தே இல்லாமல் முடி திரும்பி வந்துவிடும். ஆனால் அவர் என் பின்னங்கழுத்து முடியைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. அங்கே ஒரு காதிலிருந்து மறு காது வரை பட்டையாக வழித்துக்கொண்டு போயிருந்தது. இதற்கு ஓபியாசிஸ் என்று பெயர். மற்ற வட்டங்களைவிடச் சிகிச்சைக்கு மசியாத வகை. மேல் முடி மூடியிருப்பதால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. பெண்கள் யாராக இருந்தாலும் உட்கார்ந்த உடனே முடியை அள்ளித் தூக்கிக் காட்டிவிடுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.

தோல் மருத்துவமனைக்குப் போன் போட்டு "முடி கொட்டுது, டாக்டரைப் பார்க்கணும்" என்றால் என்ன நடக்கும் தெரியுமா? "ஹேர் கேர் பிரிவுல போடறேன் மேடம்" என்று போட்டுவிடுவார்கள். ஒரே கட்டடம், ஒரே பெயர்ப்பலகை. உள்ளே போனால் வெள்ளைக் கோட்டில் ஒரு கன்சல்டன்ட் உட்கார்ந்திருந்தார். ட்ரைக்காலஜிஸ்ட், அதாவது முடி நிபுணர், என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பல இடங்களில் இந்தப் பட்டத்துக்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. அவர் டாக்டர் இல்லை என்பதே எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. கேமராவில் தலையைப் படம் பிடித்து, டிவியில் பெரிதாகக் காட்டி, பிஆர்பி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் போடும் ஊசி), லேசர் தொப்பி என்று ஒரு பேக்கேஜ் போட்டார். தேவைப்பட்டால் முடி மாற்று சிகிச்சையும் செய்யலாமாம்! நோய் எதிர்ப்பு சக்தி முடி வேர்களைத் தாக்கிக்கொண்டிருக்கும்போது புது வேரை நட்டால் அதையும் தாக்காது என்று யார் உத்தரவாதம் தருவது? பேக்கேஜ் வேண்டாம் என்றதும் முகம் மாறியது. போகிற போக்கில் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை ஒரு பெட்டியைக் கையில் திணித்து பில் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பயோட்டின் செய்த கூத்து தனி. புழுவெட்டு உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவது உண்டு என்பதால் குடும்ப டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தார். ரிசல்ட்டில் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் தரையில் கிடந்தது, தைராய்டு சுரக்கும் டி4 எகிறிப் போயிருந்தது. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் அனுப்பினார்கள். அவரைப் பார்க்கத் தேதி கிடைப்பதற்குள் இதயம் படபடப்பதாக எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. அவரோ ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே கேட்டார்: "முடிக்குன்னு மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" சில லேப்களின் பரிசோதனை முறையே பயோட்டினை வைத்து இயங்குவது, ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் ரிசல்ட் தாறுமாறாகிவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து மறுபடி எடுத்தால் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு வியாதியும் இல்லாத தைராய்டுக்காக அத்தனை அலைச்சல்! ரத்தம் கொடுக்கப் போகும்போது முடி மாத்திரை, நக மாத்திரை எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

நோய் எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய் என்றால் ருமடாலஜி (மூட்டுவாத நோய்ப் பிரிவு) பார்க்கலாமே என்று உறவினர் ஒருவர் சொல்லி அங்கேயும் போனேன். நல்ல மனிதர். "இது தோல் டாக்டர் வேலைம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். போனில் "முடி கொட்டுது" என்ற பேச்சே எடுப்பதில்லை. "அலோபீசியா ஏரியேட்டா, மெடிக்கல் டெர்மடாலஜி டாக்டர் வேணும், காஸ்மெட்டிக் வேண்டாம்" என்று ஆரம்பிப்பேன். அடுத்து இரண்டு கேள்விகள்: டாக்டர் டெர்மோஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) வைத்துத் தலையைப் பார்ப்பாரா? தலையில் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை அவரே போடுவாரா? ஓர் இடத்தில் "இதெல்லாம் டாக்டர்கிட்ட கேளுங்க மேடம், நாங்க சொல்லக் கூடாது" என்று வைத்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில் "ஊசியா, எதுக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஒரு தோல் பிரிவில்தான் போனை எடுத்த பெண் "இருங்க" என்று நர்ஸைக் கேட்டுவிட்டு வந்து, "போடுவாங்க, முடிக்குன்னே ஒரு தனி நாள் இருக்கு, அன்னைக்கு வாங்க" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கோவில் கட்டலாம்.

டாக்டர் பார்த்தது அதிக நேரம் இல்லை, ஆனால் முழுதாகப் பார்த்தார். டெர்மோஸ்கோப்பில் மஞ்சள் புள்ளி, கரும்புள்ளி, அடி மெலிந்து நுனி தடித்த ஆச்சரியக்குறி முடிகள். வட்டத்தின் ஓரத்தில் கொத்தாகப் பிடித்து மெல்ல இழுத்தார், ஆறேழு முடி கையோடு வந்தது; அப்படியென்றால் நோய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முடித் துளைகள் மூடாமல் இருக்கின்றன, தழும்பாகும் வகை இல்லை, அதனால் தோலைக் கொஞ்சம் வெட்டியெடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி வேண்டாம் என்றார். செதில் இல்லாததால் பூஞ்சைத் தொற்றும் இல்லை. பிறகு விரல்களை நீட்டச் சொன்னார். புழுவெட்டில் நகத்தில் குத்துக்குத்தாகக் குழி விழுவது உண்டாம். நான் நெயில் பாலிஷ் போட்டிருந்தேன். நர்ஸ் அதை அழிக்க எதையோ தேடி அலைந்தார். அதே மாதிரி வழுக்கையை மறைக்கும் கறுப்புப் பொடியையும் அன்றைக்குத் தூவாதீர்கள். கரும்புள்ளி எது, பொடி எது என்று லென்ஸில் தெரியாது.

ஊசி வலிக்கும். வலிக்காது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை, தோலுக்குள் சின்னச் சின்னதாகப் பல குத்து. சில இடங்களில் தோல் கொஞ்சம் பள்ளமாகலாம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்று முன்கூட்டியே சொன்னார். முதலில் முளைத்தது வெள்ளை முடி, பயந்து போனேன். நிறம் பிறகு ஏறும் என்றார், ஏறவும் ஆரம்பித்திருக்கிறது.

நோய் எதிர்ப்பு சக்தியின் வேகத்தைக் குறைக்கும் ஜேக் தடுப்பு மாத்திரைகளைப் பற்றியும் கேட்டேன். கடுமையான புழுவெட்டுக்கு எஃப்டிஏ 2022ல் பாரிசிட்டினிபையும், 2023ல் 12 வயதிலிருந்தே எடுக்கக்கூடிய ரிட்லிசிட்டினிபையும் ஏற்றுக்கொண்டது என்று படித்திருந்தேன். பாரிசிட்டினிப் ஆய்வுகளில் சேர்த்துக்கொண்டது தலையில் பாதி அல்லது அதற்கு மேல் முடி போனவர்களை. எனக்கு அவ்வளவு போகவில்லை. காசநோய், ஹெபடைட்டிஸ், ரத்த அணு, கொழுப்பு எல்லாம் பார்க்காமல் அதைத் தொடக்கூடாது, தொற்றும் ரத்த உறைவும் பயப்பட வேண்டிய விஷயங்கள், நிறுத்தினால் முடி மறுபடி கொட்டலாம் என்று பொறுமையாகச் சொன்னார். பரிசோதனையே இல்லாமல் யாராவது எழுதிக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது காப்பீட்டுக்காரர்கள் கிளம்பினார்கள். ஊசிச் செலவைக் கேட்டதற்கு "அழகு சிகிச்சை, தர முடியாது" என்று கடிதம். காரணத்தைத் தேடினால், பில் கவுண்டரில் நோயைக் குறிக்கும் ஐசிடி-10 குறியீட்டை எல் 65.9 என்று போட்டிருக்கிறார்கள். வகை குறிப்பிடாத முடி உதிர்வு என்று அர்த்தம். புழுவெட்டுக்கு எல் 63. ஓபியாசிஸுக்குத் தனியாக எல் 63.2 என்றே இருக்கிறது. கவுண்டரில் போய் நின்றால் "சிஸ்டத்துல ஏத்தியாச்சு, மாத்த முடியாது" என்றார் ஒருவர். ஏறியதை இறக்க ஒரு வழி இல்லாமலா இருக்கும்? டாக்டரின் கேஸ் ஷீட்டைக் காட்டி, நர்ஸையும் துணைக்கு அழைத்து, அவர் கண் முன்னாலேயே மாற்ற வைத்தேன். மறுபரிசீலனைக்கு அனுப்பியதில் ஊசிக்கான பணம் வந்துவிட்டது. பில் வாங்கும்போதே அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நகருங்கள்.

விக்குக்கான செலவைக் கேட்டுக் காப்பீட்டுக்குப் போட்ட மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. மருத்துவக் காரணத்துக்காகத்தான் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, எல் 63.2ஐயும் பெரிதாகப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.