எந்த மேலாளரிடம் வேலை பார்ப்பீர்கள்?

"வேலையும் நீளமானதுதானே, மேடம்?"

பயிற்சி வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்வி இது. குரலை உயர்த்தவில்லை, எதிர்த்துப் பேசும் தொனியும் இல்லை. அதன் பிறகு அதே வகுப்பைப் பலமுறை எடுத்துவிட்டேன். அந்தப் பகுதி வரும்போதெல்லாம் அவளுக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. கிடைத்துவிட்டது என்று நினைக்கிற பதில் வீடு போய்ச் சேர்வதற்குள் வலுவிழந்துவிடுகிறது.

புதிதாகக் குழுத் தலைவர் ஆனவர்களுக்கான வகுப்பு. மேலாளரின் விளையாட்டுப் பேச்சு எந்த இடத்தில் எல்லை மீறுகிறது என்ற பகுதிக்கு, 'தி ஆபீஸ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோடில் வரும் ஒரு காட்சியை எடுத்திருந்தேன். பிரிட்டிஷ் வடிவம் ஒன்று, அமெரிக்க வடிவம் ஒன்று. காகிதம் விற்கும் நிறுவனத்தின் கிளை அலுவலகம். புதிதாக வந்த தற்காலிகப் பணியாளனிடம் தன் கலகலப்பைக் காட்டிக்கொள்ள மேலாளர் விரும்புகிறார். வரவேற்பில் இருக்கும் பெண்ணை அறைக்குள் அழைத்து, அலுவலகத்தின் ஒட்டுத்தாள்களைத் திருடிவிட்டதாகக் குற்றம் சாட்டி, உனக்கு வேலை போய்விட்டது என்கிறார். அவள் உடைந்து அழுகிறாள். அழுத பிறகு, எல்லாம் விளையாட்டுக்குத்தான் என்கிறார்.

பிபிசி டூவில் 2001 ஜூலையில் வந்த மூலத்தில் அந்த மேலாளர் டேவிட் பிரென்ட். நடித்தவர் ரிக்கி ஜெர்வைஸ். ஸ்டீபன் மெர்ச்சன்டுடன் சேர்ந்து தொடரை எழுதி இயக்கியவரும் அவரே. 2005 மார்ச்சில் என்பிசியில் தொடங்கிய அமெரிக்கத் தொடரில் அந்த மேலாளர் மைக்கேல் ஸ்காட், நடித்தவர் ஸ்டீவ் கரெல். முதல் எபிசோடைப் பொறுத்தவரை வசனங்கள் பெரும்பாலும் அவையேதான். லண்டனுக்கு மேற்கே இருக்கும் ஸ்லௌ என்ற ஊர் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் ஆகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டிலும் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. ஆவணப்படம் எடுக்கிறவர்களின் கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கே சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தராததால், வகுப்பில் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கணம் தேவைப்பட்டது.

மூன்றாவதாக இன்னொரு காட்சியும் வைத்திருந்தேன். அமெரிக்கத் தொடரின் மூன்றாம் சீசனில், முதல் எபிசோடில் அழுத அதே பாம், ஓவியக் கண்காட்சி ஒன்றில் தன் படங்களை வைக்கிறாள். வந்த ஒன்றிரண்டு பேரும் மனதாரப் பாராட்டவில்லை. படங்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்ட நேரத்தில் மைக்கேல் வந்து சேர்கிறார். தங்கள் அலுவலகக் கட்டடத்தை அவள் வரைந்திருக்கும் படத்தின் முன் நிற்கிறார். என்ன விலை என்று கேட்கிறார். அவருக்கு அது உண்மையாகவே பிடித்திருக்கிறது. அவள் அவரைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு அந்தப் படம் அலுவலகச் சுவரில் மாட்டப்படுகிறது.

மூன்றையும் காட்டிவிட்டு, இந்த இருவரில் யாரிடம் வேலை பார்ப்பீர்கள் என்று கேட்டேன். அமெரிக்கருக்கு அறை முழுவதும் கை உயர்ந்தது. பிரென்டுக்கு ஒரே ஒரு கை, அந்தப் பெண்ணுடையது.

"அவரிடம் மாட்டினால் சீக்கிரமே வேறு வேலை தேடிக்கொள்வேன். மற்றவரிடம் இருந்தால் தேடமாட்டேன்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பார்வையாளராகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய மேலாளரும் மனம்விட்டுச் சிரித்தார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் வகுப்பு வேறு திசைக்குப் போய்விடும் என்று தோன்றியதால், தொடரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: பிரிட்டிஷ் தொடர் மொத்தமே 14 எபிசோடுகள். ஆறும் ஆறுமாக இரண்டு தொகுதிகள், 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு சிறப்பு எபிசோடுகள், அதோடு நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கத் தொடர் 2013 வரை ஒன்பது சீசன்கள், 201 எபிசோடுகள். பதினான்கு எபிசோடுகளுக்கு ஒரு மனிதரை நெளிந்துகொண்டே பார்த்துவிடலாம். வருடக்கணக்கில் அவரை வீட்டுக்குள் விட வேண்டுமென்றால் நேசிப்பதற்கு அவரிடம் ஏதாவது இருந்தாக வேண்டும். அமெரிக்கத் தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸும் அவருடைய குழுவும் இரண்டாம் சீசனிலேயே மைக்கேலைக் கனிய வைத்துவிட்டார்கள். முதல் சீசனில் எண்ணெய் தேய்த்துப் படிய வாரியது போலிருந்த தலைமுடியைக்கூட மாற்றினார்கள். ஆகவே, மைக்கேல் நல்லவராகத் தெரிவது தொடரின் நீளத்தால் வந்தது என்று முடித்தேன்.

அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள்.

நல்ல கேள்வி என்றேன், தேநீர் இடைவேளை வந்துவிட்டது. அடுத்த பகுதி வேறொருவருடையது.

அவள் கேட்டதை நான் இரண்டு விதமாகப் புரிந்துகொள்கிறேன், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்று: பார்வையாளருக்கு இருக்கிற அதே நிர்ப்பந்தம் ஊழியருக்கும் இருக்கிறது. தினமும் ஒன்பது மணி நேரம் ஒருவரின் கீழ் உட்கார வேண்டுமென்றால், அவரிடம் நேசிக்க ஏதாவது ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்கிறோம். அப்படியானால் பாம் அவரைக் கட்டிக்கொள்வதில் மைக்கேலின் நல்ல மனதுக்கு எவ்வளவு பங்கு, வேறு வழியில்லாத அவளுடைய தனிமைக்கு எவ்வளவு பங்கு? இரண்டு: நீண்ட காலம் கூடவே இருந்தால்தான் ஒரு மனிதரின் முழு உருவம் தெரிகிறது. ஒரு நாள் அழவைத்தவர் இன்னொரு நாள், வேறு யாரும் நிற்காத இடத்தில் வந்து நிற்கிறார். இதுவும் உண்மைதான். என் வேலை வாழ்க்கையில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவள் எதை மனதில் வைத்துக் கேட்டாள் என்பது, மதியம் உணவுக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஓரளவு தெரிந்தது. தன் அண்ணன் கல்யாணத்துக்கு விடுப்பு கேட்டிருக்கிறாள். மேலாளர் தன் குழுவினர் எல்லோரையும் கூட்டி, வாடிக்கையாளர் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை, விடுப்பு ரத்து என்று அறிவித்திருக்கிறார். இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதும் சிரித்துக்கொண்டே ஒரு உறையை நீட்டியிருக்கிறார். உள்ளே கேட்டதைவிட இரண்டு நாள் கூடுதலாக விடுப்பு அனுமதி, மொய்ப் பணம். பணம் அவருடைய சொந்தப் பணம். எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள்.

"நானும் தட்டினேன், மேடம். சந்தோஷமாகத்தான் இருந்தது" என்றாள்.

முகத்தில் கசப்பு இல்லை. தயிர்சாதத்தில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே, ஊர்க் கதை சொல்வது போலச் சொன்னாள். இது புகாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள் என்று இப்போதும் நம்புகிறேன். இதில் புகார் என்று எதை எழுதுவது? விடுப்பு கிடைத்தது, கூடுதலாகவே கிடைத்தது. அந்த மேலாளர் எங்கள் அலுவலகத்தில் பலருக்கும் பிடித்தமானவர். குழுவில் யாருக்காவது மருத்துவச் செலவு என்றால் முதலில் கை நீட்டுபவர். நானே ஒரு முறை அவருடைய உதவியைப் பெற்றிருக்கிறேன். ஆனாலும் அறிவிப்புக்கும் உறைக்கும் நடுவே போன அந்த ஒரு நிமிடம் அவளுடையது. அதை அவர் எடுத்துக்கொண்டார். கூடுதல் விடுப்பு அந்த நிமிடத்தை ஈடுசெய்கிறதா? அவளைக் கேட்டால் செய்கிறது என்பாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், அதனாலேயே அந்தப் பதிலை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

இதற்குள் அடுத்த வகுப்புக்கான தயாரிப்பு வந்துவிட்டது. பிரிட்டிஷ் காட்சி வேண்டாம், மனதைக் கனக்கச் செய்கிறது, அமெரிக்கக் காட்சிகள் இரண்டும் போதும் என்றார் எங்கள் பிரிவின் தலைவர். நான் ஒப்புக்கொண்டேன். அந்த முடிவை இன்றும் என்னால் நியாயப்படுத்த முடியும். முதல் முறையாகப் பத்துப் பேருக்குப் பொறுப்பேற்கும் இளைஞர்களுக்கு, தவறு செய்தாலும் திருந்தலாம் என்ற நம்பிக்கை வேண்டும். பிரென்டைப் பார்ப்பவர்கள், இது நான் இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மைக்கேலைப் பார்க்கும்போது, இதில் கொஞ்சம் நானும் இருக்கிறேன் என்று ஒத்துக்கொள்கிறார்கள். பயிற்சிக்கு அந்த ஒப்புதல்தான் முக்கியம். கருத்துப் படிவங்களிலும் அடுத்தடுத்த வகுப்புகளுக்கு நல்ல மதிப்பெண் வந்தது.

மறுபக்கமும் உண்டு. அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருமே இனி மேலாளர்கள். அழவைத்த காட்சியையும் கட்டிக்கொண்ட காட்சியையும் அடுத்தடுத்து காட்டும்போது, எப்படியும் கடைசியில் மன்னித்துவிடுவார்கள் என்ற தைரியத்தை அவர்களுக்கு நான் கொடுத்தனுப்புகிறேனா? தொடரில் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. என் வகுப்பில் நான்கு நிமிடம்கூட இல்லை.

விடை தேடி, பிரிட்டிஷ் தொடரை முதலிலிருந்து மறுபடியும் பார்த்தேன். பிரென்டை அது மன்னிக்கவில்லை என்ற எண்ணத்தில்தான் வகுப்பில் பேசியிருந்தேன், பார்க்கப் பார்க்க அந்த எண்ணம் தளர்ந்தது. இரண்டாம் தொகுதியின் இறுதியில் அவருக்கே வேலை போகிறது. நிதி திரட்டும் நாளுக்காகத் தீக்கோழி மேல் சவாரி செய்வது போன்ற வேடிக்கை உடுப்பில் நிற்கும்போது செய்தி வருகிறது. பிறகு, என்னை அனுப்பிவிடாதீர்கள் என்று தன் மேலதிகாரிகளிடம் கெஞ்சுகிறார். முதல் எபிசோடில் வரவேற்பில் இருந்த டான் என்ற பெண்ணிடம் விளையாட்டாகச் சொன்னது அவருக்கு நிஜமாகவே நடக்கிறது. ஜெர்வைஸின் முகத்தில் அந்த நேரத்தில் நடிப்பு எதுவும் மிச்சமிருப்பதாகத் தெரியவில்லை.

2003 சிறப்பு எபிசோடுகளில் அவர் துப்புரவுப் பொருட்கள் விற்கும் பிரதிநிதி. பழைய அலுவலகத்தைச் சுற்றியே வந்துகொண்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் விருந்துக்குத் தன்னுடன் வந்த பெண்ணை நண்பன் கேவலமாகப் பேசும்போது, இத்தனை நாளும் அவனோடு சேர்ந்து சிரித்தவர் முதல் முறையாக அவனைத் திட்டி வாயை அடைக்கிறார். கடைசியில் பழைய ஊழியர்களை உண்மையாகவே சிரிக்க வைக்கிறார். டானும் அங்கே இருக்கிறாள்.

அதாவது பிரிட்டிஷ் தொடரும் அவருக்குக் கருணை காட்டுகிறது, அந்த நாற்காலியிலிருந்து அவர் இறங்கிய பிறகு. யாருடைய விடுப்பையும் சம்பளத்தையும் அவரால் தொட முடியாத நிலையில், அவர்கள் சிரிப்பதில் கட்டாயம் இல்லை. மைக்கேலுக்கு நாற்காலியில் இருக்கும்போதே மன்னிப்பு கிடைத்துவிடுகிறது. எனக்கு இந்த வேறுபாடு இரண்டு நாட்டு நகைச்சுவைக்கும் இடையிலான வேறுபாடாக இப்போது படவில்லை. ஒரே அலுவலகத்தில் இரண்டு பேர் இரண்டு இடத்தில் உட்கார்ந்துகொண்டு பார்ப்பதாகப் படுகிறது.

இதை அவளிடம் சொல்லலாம் என்று போனேன். அவள் சிரித்துவிட்டு, "நாற்காலியிலிருந்து இறங்கும்வரை காத்திருந்தால் எங்களுக்கு வயதாகிவிடும், மேடம்" என்றாள். போன மாதம் அந்த மேலாளரே அவளைப் பதவி உயர்வுக்குப் பரிந்துரைத்திருக்கிறார். தகுதியானவள்தான். வேறு வேலை தேடுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள், யோசிக்காமல்.

வகுப்பில் 2003 எபிசோடின் அந்தப் பகுதியையும் சேர்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். நேரம் போதாது, ஏதாவது ஒன்றை எடுத்துவிடு என்கிறார் பிரிவின் தலைவர். கண்காட்சிக் காட்சியை எடுத்துவிடலாம் என்று நேற்று வரை நினைத்திருந்தேன். இன்று காலை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். அந்தக் கட்டடப் படத்தின் முன் நின்று அவர் பார்க்கும் பார்வையில் பொய் இல்லை. எதை எடுப்பது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.