கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் பலாப்பழம் பலா இல்லை, சக்கை!

மலையாளத்தில் மரம்தான் ‘ப்லாவு’. பழம் ‘சக்க’. இதைத்தான் போர்ச்சுகீசியர்கள் ‘ஜாக்கா’ ஆக்கினார்கள். 1563-இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்துநூலிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. ஆங்கிலத்து ‘ஜாக்’ வந்த வழியும் இதுதான். ஜாக் என்ற வெள்ளைக்காரர் பெயரில் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் சக்கை என்று மட்டும் கேட்டால் காசு வீண். நாகர்கோவில் பக்கமே இரண்டு சாதி விற்கிறது: வருக்கை, கூழன். வருக்கைச் சுளை கெட்டி, விரலில் ஒட்டாமல் பிரியும். கூழன் நாரும் குழைவுமாகத் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். இனிப்பில் குறையே இல்லை, ஆனால் பிரயாணத்துக்கு ஆகாது. கூழன் சுளையோடு திருவனந்தபுரம் பஸ் ஏறினால், அந்த நெரிசலில் பை நசுங்கிச் சாறு துணியெல்லாம் இறங்கிவிடும். “வருக்கைதானே?” என்று கேட்டு, ஒரு சுளையைக் கையில் வாங்கிப் பிய்த்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

முழுப்பழம் மலிவு என்று மயங்க வேண்டாம். 10 கிலோ பழத்தில் சுளை சுமார் 3 கிலோதான், மிச்சம் தோலும் நாரும் கொட்டையும். கத்திக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் தடவாமல் வெட்டினால் பால் பிசினாகப் பிடித்துக்கொள்ளும், சோப்புக்கு மசியாது. லாட்ஜ் அறையில் இந்த வேலையே வேண்டாம், சுளையாக வாங்குங்கள்.

கேரளத்தில் சாப்பிட வேண்டியது பழமே அல்ல, சக்கப் புழுக்கு! பழுக்காத சுளையை நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, தேங்காய், சீரகம், பூண்டு, பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து மசித்து, கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காய் எண்ணெயும் விட்டு இறக்குவார்கள். சூடான கஞ்சிக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. செலவும் குறைவு, ஒரு வேளைக்கு வயிறு நிறைந்துவிடும். பிஞ்சின் பெயர் இடிச்சக்க. அதில் தோரன், அதாவது தேங்காய்ப் பொரியல், செய்வார்கள்.

பலகையில் ‘சக்க’ என்று கண்டதும் பாய வேண்டாம். கைதச்சக்க அன்னாசி, கடச்சக்க ஈரப்பலா, ஆத்தச்சக்க சீத்தா வகை.

கொழும்பில் பேச்சே வேறு. சிங்களத்தில் பிஞ்சு ‘பொலொஸ்’, முற்றிய காய் ‘கொஸ்’. பழத்தை எண்ணிக் ‘கொஸ்’ கேட்டால் கறிக்காய்தான் வரும். பழத்தில் கெட்டிச் சுளை ‘வரகா’, குழைந்தது ‘வெல’. வரகா நம் வருக்கை போலவே காதில் விழும், பொருளும் அதேதான். சோற்றுக் கடையில் பொலொஸ் கறி வாங்குவதானால் சட்டியை எட்டிப் பாருங்கள். மணிக்கணக்காகச் சிறுதீயில் வெந்து கரும்பழுப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் பருப்பே போதும்.