ஐஜிஜி நெகட்டிவும் இரண்டு குட்டிகளும்

எனக்கு ஒன்பதாவது வாரம். காலை வாந்தி முடிந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது மாடிப்படிக்குக் கீழே கீச்சுக் குரல் கேட்டது. இரண்டு பூனைக்குட்டிகள். தாய் திரும்பி வருமா என்று ஒரு பகலும் ஓர் இரவும் தள்ளியிருந்து பார்த்தோம். வரவில்லை. பல்லைப் பார்த்துவிட்டு நான்கு வாரம் இருக்கும் என்றார் கால்நடை மருத்துவர்.

"பூனை முடி வயித்துக்குள்ள போனா பிள்ளைக்கு ஆகாதும்மா, யாருக்காவது குடுத்துடு" என்றார் மாமியார். மகப்பேறு மருத்துவரும் அதையேதான் சொல்லப்போகிறார் என்ற பயத்தோடுதான் போனேன். அவரோ முதலில் கேட்டது, இறைச்சியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுகிறேனா, தோட்டத்து மண்ணில் வெறுங்கையோடு வேலை செய்வேனா என்று. பூனைக்கு அப்புறம்தான் வந்தார். முடியால் ஒன்றும் ஆகாதாம். பயப்பட வேண்டியது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. அதன் முட்டைகள் பூனையின் மலத்தில் வெளியேறும். வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, மண் வழியாகவும் அதே ஒட்டுண்ணி நமக்குள் வரும். கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையின் மூளையையும் கண்ணையும் பாதிக்கலாம்.

ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பாசிட்டிவ் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட ஒரே பரிசோதனை அதுதான். தொற்று வந்தால் உடம்பு உண்டாக்கும் இரண்டு எதிர்ப்பொருள்களை, ஐஜிஎம், ஐஜிஜி, அதில் தேடுவார்கள். ஐஜிஎம் இல்லாமல் ஐஜிஜி மட்டும் இருந்தால், எப்போதோ வந்துபோன தொற்று, உடம்பில் எதிர்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இரண்டுமே நெகட்டிவ். அதாவது இதுவரை வந்ததில்லை, இனிமேல் வரலாம்.

குட்டிகள் என்பதுதான் சிக்கல். பூனை பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை, முதல் தொற்றின்போது மட்டும், ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை இந்த முட்டைகளை வெளியேற்றும். அந்த முதல் தொற்று அநேகமாகக் குட்டிப் பருவத்தில், எலியோ பச்சை இறைச்சியோ தின்னப் பழகும்போது வரும். பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். ஆனால் நமக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு: வெளியே வந்த முட்டை உடனே தொற்றாது. முதிர்வதற்கு ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். குட்டிகள் மலம் கழிக்கும் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் பாதி ஆபத்து அங்கேயே தீர்ந்தது.

அந்த வேலை கணவருடையதாயிற்று. தினமும் மணலை அள்ளுவார், அவ்வப்போது தட்டில் கொதிநீர் ஊற்றிக் கழுவுவார். பிளீச்சிங் தூளுக்கு அந்த முட்டைகள் சாகாது. குட்டிகள் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தன; பச்சை இறைச்சி கிடையாது. பால் புகட்டுவது என் வேலை. குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு. பசும்பால் கொடுத்தால் வயிற்றோட்டம்தான். மல்லாக்கப் போடாமல் குப்புற வைத்துக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். குடற்புழு மருந்தும் தெள்ளு சீப்பும் கால்நடை மருத்துவர் பொறுப்பு.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு நாள் மத்தியானம் துவைக்கிற துணிக் கூடைக்குள் நான் கையை விடும்வரை. மணல் தட்டை விட்டுவிட்டு ஒன்று அங்கே போய் முடித்திருந்தது! விரலில் ஈரம். குழாயடியில் நின்று தோல் சிவக்கச் சிவக்கக் கழுவினேன், அழுதுகொண்டே. அழுகை நின்ற பிறகுதான் மூளை வேலை செய்தது. அந்தக் கூடையில் துணி போட்டதே அன்று காலையில்தான். எப்படிக் கூட்டினாலும் ஆறு மணி நேரம். முட்டையே இருந்தாலும் முதிர்ந்திருக்காது. மருத்துவரும் போனில் அதையேதான் சொன்னார். இருந்தாலும் நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் நெகட்டிவ். இந்த முறை அந்தச் சொல் இனித்தது.

எனக்கு உண்மையில் வந்தது வேறு. முழங்கையில் வட்டமாக ஒரு தடிப்பு. படர்தாமரை, குட்டியின் காதோரத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. குழந்தைக்கு இதனால் ஆபத்தில்லை. ஆனால் கடையில் கேட்டு மாத்திரை விழுங்கிவிடாதே என்று எச்சரித்து, பூசும் களிம்பு மட்டும் கொடுத்தார் மருத்துவர். மூன்று வாரம் அரிப்பு. குட்டிகளைத் தனி அறையில் அடைத்து, விரிப்புகளைத் துவைத்துத் துவைத்தே மாய்ந்தோம். டாக்ஸோபிளாஸ்மாவுக்கு இவ்வளவு பயந்த எனக்கு இதைப் பற்றி யாருமே சொல்லவில்லை.

இப்போது மகளுக்கு இரண்டு மாதம். பூனைகள் இரண்டும் தொட்டில் இருக்கும் அறைக் கதவுக்கு வெளியே படுத்திருக்கின்றன. மணல் தட்டு இன்னும் கணவர் கையில்தான். தாய்ப்பால் கொடுப்பவர் தட்டை அள்ளத் தடையில்லை என்று மருத்துவர் சொல்லியாயிற்று. அன்று மருத்துவரின் அறைக்குள் நான் மட்டும்தான் இருந்தேன்.