சுரி தங்காத அடித்தகடு

காலபோக மழை தொடங்கினால் வன்னியில் இரண்டு விதச் சேறு வண்டிக்கு அடியில் ஏறும். செம்மண் தண்ணீர் பட்டதும் கரைந்து இறங்கிவிடும். முருங்கன் பக்கத்துக் கரிய களி ஈரத்தில் பசை, காய்ந்தால் செங்கல். கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல் பாதைகளில் ஓடின கெப்பின் எஞ்சின் கார்ட்டை, அதாவது எஞ்சினைக் காக்க அடியில் பூட்டும் தகட்டைக் கழற்றினால், சம்பின் (எஞ்சின் ஒயில் தொட்டியின்) அடிவடிவத்தை அச்செடுத்தது போல ஒரு கட்டி இருக்கும். பத்து லீற்றர் இடத்தை அது நிரப்பினால் 18 கிலோ வரும். பாரத்தைவிடப் பெரிய கேடு, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக் குறுக்குச் சட்டத்தைத் துருவேற்றுவது. ஒயில் கசிவும் வெளியே தெரியாது. வைக்கோலும் சேர்ந்து சைலன்சர் குழாயில் ஒட்டிக் காய்ந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

முதலில் தகட்டின் பின்விளிம்பைப் பாருங்கள். பலத்துக்காக அதை 25 மில்லிமீற்றர் அளவு மேலே மடித்திருப்பார்கள். வயலுக்கு வரம்பு கட்டினது மாதிரித்தான் அது: முன்னால் ஏறும் சேறு முழுவதும் அங்கே வந்து நிற்கும். மடிப்பில் 100 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு வாசல் வெட்டுங்கள். மூலைகளையும் நடுவையும் விட்டுவிடுங்கள். குறைந்த பலத்தை ஈடுசெய்ய 25க்கு 25, 3 மில்லிமீற்றர் தடிப்பு ஆங்கிளை (L வடிவ இரும்பை) முன்பின்னாக ஒட்டலாம். குறுக்காக ஒட்டினால் இன்னொரு வரம்பு. முழு நீளத்துக்கும் ஒரே ஓட்டமாக வெல்டிங் பிடித்தால் தகடு வளைந்துவிடும். 100 மில்லிமீற்றருக்கு ஒரு தடவை 25 மில்லிமீற்றர் போதும். வெல்டிங்குக்குத் தகட்டைக் கட்டாயம் கழற்றி எடுங்கள். வண்டியில் வைத்தே ஒட்டினால் பெற்றோல் குழாயும் எலெக்ட்ரோனிக் பெட்டியும் ஆபத்தில். தகடு கல்வனைஸ் என்றால் ஒட்டுமிடத்து நாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில் வேலை செய்யுங்கள்; அந்தப் புகை நஞ்சு.

அடுத்தது துளை. எங்கே போடுவது என்பதைச் சேறே சொல்லும். நல்ல சுரியில் ஓடி வந்த பிறகு, கழுவாமல் தகட்டைக் கழற்றி, கட்டி மிகத் தடிப்பாக நிற்கும் இடங்களைச் சோக்கால் குறியுங்கள். ஒரு மீற்றருக்கு 60 சென்ரிமீற்றர் தகட்டில் 40 மில்லிமீற்றர் துளை ஆறு முதல் எட்டு வரை போதும். பத்து மில்லிமீற்றர் துளை நூறு போட்டாலும் களி அவற்றின் மேல் பாலம் கட்டி அடைத்துவிடும். துளைக்குத் துளை நடுவிலிருந்து நடுவுக்கு 80, விளிம்பிலிருந்தும் மடிப்பிலிருந்தும் 50 மில்லிமீற்றர் விலகியிருக்கட்டும். சதுரமாக வெட்டாதீர்கள்; மூலையிலிருந்துதான் வெடிப்பு ஓடும். முன் சரிவில் துளையே வேண்டாம், தடியும் கல்லும் அதுவழியே ஏறும். துளையின் ஓரத்தை மேல்நோக்கிக் குவித்தால் தண்ணீர் தேங்கும், கீழ்நோக்கிக் குவித்தால் மரக்குற்றியில் கொளுவும். தட்டையாக விட்டு அரத்தால் பிசிர் எடுப்பதே சரி. ஒயில் வடிக்கும் போல்ட்டுக்கு நேரே உள்ள வாசலை மட்டும் நீள்வட்டமாக வெட்டுங்கள்: சூடான ஒயில் நேரே விழாது, சாய்ந்து பாயும்.

வெட்டின ஓரமெல்லாம் துரு தொடங்கும் இடம். நாகப் பிரைமரும் மேலே இரண்டு பூச்சும் அன்றைக்கே அடியுங்கள்.

கழற்றச் சிரமமான தகட்டை யாரும் கழற்றிக் கழுவ மாட்டார்கள். நாலு மில்லிமீற்றர் இரும்பில் மேற்சொன்ன அளவு 19 கிலோ வரும் (ஆறு மில்லிமீற்றர் அலுமினியம் என்றால் பத்துக்குக் கிட்ட), அதைத் தனியாள் தாங்கிக்கொண்டு போல்ட் பூட்ட முடியாது. முன்பக்கம் இரண்டு கொளுக்கி வைத்து, பின்பக்கம் மட்டும் போல்ட் போடுங்கள். இதில் இன்னொரு நன்மை: போல்ட் விழுந்தாலும் பின்பக்கம் இழுபடும், முன்பக்கம் விழுந்தால் கலப்பை மாதிரி மண்ணைக் குத்தும். ஜப்பான் வண்டிகளில் பத்து மில்லிமீற்றர் போல்ட்டின் புரி இடைவெளி பெரும்பாலும் 1.25 மில்லிமீற்றர், ஹாட்வெயார் கடையில் கிடைப்பது 1.5. இரண்டு சுற்று ஏறி இறுகும், அதற்குமேல் சாவி போட்டு இழுத்தால் சட்டத்து நட்டு போய்விடும். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பூட்டுமுன் நட்டுக்குள் இருக்கும் மண்ணை எடுத்து, புரிக்குக் கிறீஸ் வையுங்கள். அலுமினியத் தகட்டுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே நைலோன் வொஷர் வேண்டும், இல்லாவிட்டால் அலுமினியம் அரித்துப் பொரியும். சத்தம் அடக்க ஸ்பொஞ்ச் அடைக்காதீர்கள், அது சேற்றைப் பிடித்து வைக்கும்.

கழுவுவது வந்த அன்றைக்கே, காயமுன். பத்து நிமிடம் மெதுவாக நனைத்து ஊறவிட்டு, பின்வாசலில் தொடங்கி முன்னே போங்கள். வெளியேறும் வழி முதலில் திறந்தால்தான் மற்றது இறங்கும். அழுத்தத் தண்ணீரை றேடியேற்றர் செதிலுக்கும், அச்சு றப்பர் உறைக்கும், ஒல்ரர்நேற்றருக்கும் நேரே பிடிக்காதீர்கள். வண்டிக்கு அடியில் போகுமுன் ஜாக்கோடு ஸ்ராண்டும் வையுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ இறக்கிக் கழுவ வேண்டாம். ஒயிலும் கிறீஸும் கீழ்வயலுக்குப் போகும்.